‘செயற்கை இரை’ அன்று, ‘பொய்யிரை’: தூண்டிற்சொற்கள் பற்றி ஒரு மறுப்பு

அன்புடையீர்,

வணக்கம். நாம் சேர்ந்து தொகுத்துவரும் தூண்டில் மீன்பிடிப்புச் சொற்பட்டியலில், இரைபோல் காட்டி மீனை ஈர்க்கும் ‘லூர்’ (lure) என்பதற்கு நேராகச் ‘செயற்கை இரை’ என்று எழுதி முடித்துவிடலாம் என்னும் கருத்துக்கு ஆதரவு பெருகியிருப்பதைக் கண்டேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடற்கரையில் ஏப்ரல் மாதத்து வரிப்பாஸ் (striped bass) மீனுக்காகக் கருவிகளை எடுத்துச் சரிபார்த்துக்கொண்டிருக்கும் நேரம் இது என்பதால், காரணத்தையும் என் மேசைமேல் கிடக்கும் பொருள்களைக் கொண்டே சொல்கிறேன்.

செசபீக் விரிகுடாவையும் ஹட்சன் ஆற்றையும் பிறப்பிடமாகக் கொண்ட இம்மீன்கள், இளவேனிலில் கரையை ஒட்டியே வடக்கு நோக்கி நகர்ந்து, ஏப்ரல் பிற்பாதியில் இந்தப் பக்கம் வந்து சேர்கின்றன. முதலில் வருபவை பெரும்பாலும் சிறியவை. அப்போது கடல்நீரின் வெப்பம் 10 பாகை செல்சியசை ஒட்டித்தான் இருக்கும். அந்தக் குளிரில் மீன் இரையை நெடுந்தூரம் துரத்துவதில்லை. ஆகவே, ஓசையெழுப்பித் துள்ளும், மீன் வடிவில் செய்த பெரிய கட்டைகளை ஜூன் மாதத்திற்கென ஒதுக்கிவிட்டு, அரை அவுன்சு ஈயத்தில் வெள்ளை மான்வால் மயிரைக் கட்டிய சிறு தூண்டில்களையும், விரல் நீள ரப்பர் மீன்களையும் எடுத்து வைத்திருக்கிறேன். இவற்றை நீரின் அடிமட்டத்தில், கயிறு சுற்றும் ரீலின் கைப்பிடியைச் சோம்பலாகச் சுற்றி இழுக்க வேண்டும்.

இந்த மான்வால் தூண்டிலை எடுத்துக்கொள்வோம். இதில் மீன் தின்னக்கூடியது எதுவுமே இல்லை. ஈயம், இரும்பு, மயிர், நூல், மேலே ஒரு பூச்சு வண்ணம், அவ்வளவுதான். இதை ‘இரை’ என்று சொல்லிவிட்டு, ‘செயற்கை’ என்ற அடைமொழியை முன்னால் ஒட்டினால் போதுமா என்பதே என் கேள்வி. தமிழில் ‘செயற்கை’ என்னும் அடை, தான் சேரும் பெயரை மறுப்பதில்லை. செயற்கை உரம் பயிருக்கு உரமாகவே பயன்படுகிறது. செயற்கை இழை துணியாகவே நெய்யப்படுகிறது. ஆகவே செயற்கை இரை என்றால், மனிதர் செய்த, ஆனால் மீன் தின்னக்கூடிய இரை என்றே பொருள்படும். அப்படியொரு பொருள் உண்மையிலேயே இருக்கிறது: நம் ஊர்க் குளக்கரையில் கெண்டைக்குக் கோதுமை மாவைப் பிசைந்து உருட்டி முள்ளில் செருகுகிறோமே, அதுதான். அந்த உருண்டைக்கு உரிய சொல்லைப் பிடுங்கி ஈயத்துக்குக் கொடுத்துவிட்டால், பிறகு உருண்டையை என்னவென்று அழைப்பது?

‘பொய்’ என்னும் அடையோ பெயரையே மறுத்துவிடுகிறது. பொய்ப்பல் என்ற சொல்லைக் கேட்டவுடனேயே அது வாயில் முளைத்ததன்று என்பது விளங்கிவிடும். பொய்முடியும் அப்படியே. பொய்யிரை என்றால், பார்வைக்கு இரை, உண்மையில் இரையன்று; இந்தப் பொருளின் இலக்கணமே அதுதான். ‘பொய்’ என்பது ஒழுக்கக்கேட்டை நினைவூட்டும் சொல், கலைச்சொல்லுக்கு ஆகாது என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். பொய்க்கால் குதிரை ஆடுபவரை நாம் யாரும் பொய்யர் என்பதில்லையே. ‘கவர்ச்சி இரை’ என்ற பரிந்துரையைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. அதைப் படித்தவுடன் மீனைவிடத் திரைப்படச் சுவரொட்டிதான் கண்முன் வருகிறது.

இது வெறும் சொல்லழகுச் சிக்கல் என்று எண்ணிவிட வேண்டாம். சட்டமே இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரை மாநிலங்களில், 2021 முதல், வரிப்பாஸை இரையிட்டுப் பிடிப்பவர்கள் வட்டமுள்ளைத்தான் பயன்படுத்த வேண்டும். உள்நோக்கி வளைந்த அந்த முள், பெரும்பாலும் மீனின் குடலில் குத்தாமல் வாயோரத்தில் சென்று மாட்டும். விடுவித்த மீன் பிழைக்கும் வாய்ப்பு கூடும். இரை என்பது உயிருள்ள அல்லது இறந்த நீர்வாழ் உயிரி, அல்லது அதன் துண்டு என்று விதி வரையறுக்கிறது. பொய்யிரைக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. இதைவிட நுணுக்கமான ஒன்றும் உண்டு: சிவப்பு ரப்பர்க் குழலின் முனையில் உயிருள்ள கடற்புழுவைக் கோத்துப் படகின் பின்னால் மெதுவாக இழுத்துச் செல்வது இங்கே பழைய வழக்கம். உண்மை இரை சேர்ந்திருந்தாலும் அது பொய்யிரையாகவே கொள்ளப்பட்டு, வட்டமுள் விதியிலிருந்து விலக்குப் பெறுகிறது. இந்த வாக்கியத்தைச் ‘செயற்கை இரை’ என்ற சொல்லை வைத்து ஒருமுறை எழுதிப் பாருங்கள். விலக்கு எதற்கு, கட்டாயம் எதற்கு என்று படிப்பவர் தடுமாறிப்போவார்.

இன்னொரு செய்தியையும் சேர்த்துக்கொள்ளலாம். ஏப்ரலில் வரிப்பாஸ் தேடி வருவதே, ஆறுகளில் முட்டையிட ஏறும் ஹெர்ரிங் மீன்களைத்தான். அவை நம் சாளைக்கு உறவுமுறை. அந்த ஆற்று ஹெர்ரிங்கைப் பிடிக்க மாசசூசெட்ஸ் மாநிலம் 2006 முதல் தடை விதித்திருக்கிறது. ஆகவே அதை உயிரோடு பிடித்து முள்ளில் கோக்க வழியில்லை. அதைப்போல் முதுகு நீலமும் வயிறு வெள்ளையுமாகத் தீட்டிய கட்டையைத்தான் நீரில் விட வேண்டும். மெய்யிரைக்குத் தடை இருப்பதால் பொய்யிரை வேண்டியிருக்கிறது.

‘தூண்டிற்பொன்’ என்று பரிந்துரைத்த அம்மையாருக்கு என் தனி நன்றி. சூதினை வென்றதும் மீன் தூண்டிற்பொன்னை விழுங்கியது போன்றதே என்னும் குறளை இந்த விவாதத்துக்குள் கொண்டுவந்தது அவர்தான். எனினும் அங்கே ‘பொன்’ என்பது இரும்பு. இரையால் மறைந்திருக்கும் தூண்டில் இரும்பு என்றே பரிமேலழகர் உரை கொள்கிறார். அதாவது குறள் சொல்வது இரைக்குள் ஒளிந்த முள்ளை. நாம் பெயர் தேடுவதோ, எதையும் போர்த்திக்கொள்ளாமல் தானே இரையாக நடிக்கும் பொருளுக்கு. எனவே பொதுச்சொல்லாக அது பொருந்தாது. ஆனால் உலோகத் தகட்டால் ஆன, நீரில் மின்னிக்கொண்டு போகும் வகைக்கு அதை வைத்துக்கொள்ள நான் முழுமனத்துடன் இசைகிறேன். குறளில் உள்ள பொருளிலிருந்து சற்றே நகர்கிறது என்றாலும், அவ்வளவு அழகான சொல்லைக் கைவிட மனம் வரவில்லை.

தூண்டிலின் கயிற்றுக்கு ‘நாண்’ என்பதில் யாருக்கும் மறுப்பில்லை என நினைக்கிறேன். பெரும்பாணாற்றுப்படையே நெடுங்கழைத் தூண்டிலில் நாண் கொளுத்தியதைச் சொல்கிறது. பின்னிய இழைக்குப் பின்னல்நாண், அதன் முனையில் முடிச்சிட்டு இணைக்கும் கண்ணாடி போன்ற தெளிவான துண்டுக்கு முன்நாண் என்று வைத்துக்கொள்ளலாம். ஒற்றை நைலான் இழைக்கு மட்டும், மக்கள் வாயில் உள்ள நரம்பு என்னும் சொல்லே இருக்கட்டும்.

மீனின் பெயருக்கு வருகிறேன். ‘வரிக்கொடுவா’ என்னும் பரிந்துரை கேட்க இனிமையாகவே இருக்கிறது. உடல் நெடுக ஏழெட்டுக் கருங்கோடுகள் ஓடுவதால் ‘வரி’யும் பொருந்துகிறது. ஆனால் கொடுவா வேறு குடும்பம். அதன் பயணமும் நேரெதிர். கொடுவா ஆற்றிலும் கழிமுகத்திலும் வளர்ந்து, முட்டையிடக் கடல்பக்கம் போகும். இதுவோ கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறும். ‘வரிப்பாஸ்’ என்றே எழுதிவிடுவது நல்லது.

எஞ்சியிருப்பது முள். மூன்று முள் சேர்ந்ததை மும்முள் என்றும், தனித்ததை ஒற்றைமுள் என்றும், முனைக்குச் சற்றுக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு கூர்நுனியை எதிர்முள் என்றும் எழுதியிருக்கிறேன். பொய்யிரையின் உடலோடு முள்ளை இணைக்கும், சாவிக்கொத்து வளையம் போன்ற சிறு கம்பிச்சுருளுக்குச் சுருள்வளையம் என்ற சொல்லை முன்வைக்கிறேன். இந்தப் பொருளை நான் மறக்கவே முடியாது. சென்ற ஆண்டு முதல் நாளன்று, பெட்டியில் உப்பு காய்ந்து கிடந்த கட்டையை அலசாமல், சுருள்வளையத்தில் படிந்திருந்த துருவைப் பார்த்தும் பாராதது போல் விட்டு, அப்படியே வீசினேன். மீன் மாட்டி இரண்டு முறை தலையை உதறியதும் வளையம் விரிந்தது. கட்டை என்னிடம் திரும்பி வந்தது, மும்முள் மீனின் வாயோடு போய்விட்டது. 28 முதல் 31 அங்குலம் வரை உள்ள ஒரே ஒரு மீனை மட்டுமே ஒரு நாளில் வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கும் கடலில், பிடிபடும் மற்ற மீன்கள் எல்லாம் உயிரோடு திரும்ப வேண்டியவை. அதனால் நேற்றிரவு மும்முள் ஒவ்வொன்றையும் கழற்றிவிட்டு ஒற்றைமுள் மாட்டினேன், குறட்டால் எதிர்முள்ளை நசுக்கினேன், முனையைக் கட்டைவிரல் நகத்தின்மேல் வைத்து இழுத்து, வழுக்காமல் கீறி நிற்கும்வரை அரத்தால் தீட்டினேன்.

‘எதிர்முள்’ என்பதும் நான் கட்டிய சொல்தான். தூத்துக்குடி, குமரிப் பக்கத்து நண்பர்கள் தம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் வழங்கும் சொல்லைத் தந்தால், என்னுடையதை நீக்கிவிட்டு அதையே பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்.