மாடி அறையில் ராத்திரி 11 மணிக்கும் அனல்: ஃபால்ஸ் சீலிங் போடலாமா?

மாடிவாசி:
மதுரையில் சொந்த வீடு. மாடியில் மேற்குப் பார்த்த படுக்கையறை, பெரிய கண்ணாடி ஜன்னல். மேலே ஆர்சிசி தளம், தட்டோடு பதிக்கவில்லை, வெறும் சிமென்ட் பூச்சுதான். சித்திரை பிறந்துவிட்டால் ராத்திரி 11 மணிக்கும் ஃபேனைப் போட்டால் அனல்தான் இறங்குகிறது. 1 டன் ஏசி நிற்காமல் ஓடுகிறது, அறை குளிர்வதாக இல்லை. தடித்த திரைச்சீலை போட்டாச்சு. சாயங்காலம் மாடியில் தண்ணீர் ஊற்றினோம், தளத்தில் ஓதம் கண்டதுதான் மிச்சம். இன்டீரியர்காரர் ஜிப்சம் சீலிங் போடச் சொல்கிறார்.

கரணை:
அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள், பொறுங்கள். ராத்திரி 9 மணிக்கு ஸ்டூலில் ஏறி, தளத்தின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அப்புறம் மேற்குச் சுவர். எது அதிகம் சுடுகிறது?

மாடிவாசி:
தளம்தான் அண்ணே, தோசைக்கல் மாதிரி. சுவர் லேசான வெதுவெதுப்புதான்.

கரணை:
அப்போ சீலிங் செலவு இப்போது வேண்டாம். கான்கிரீட் பகல் முழுக்க வாங்கிய சூட்டைப் பொழுது சாய்ந்த பிறகுதான் கீழே விடும். மதுரையில் ஏப்ரல் நடுவில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும், அதனால் சுவரைவிட மொட்டைமாடிதான் அதிக வெயில் வாங்கும். சீலிங் அந்தச் சூட்டைக் கொஞ்சம் மறைக்கும், தளம் சுடுவது நிற்காது. மேலேயே தடுக்கணும். விரிசலை அடைத்து, வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் இரண்டு கோட் அடியுங்கள். கை இறுக்கமென்றால் சுண்ணாம்பு போதும், ஆனால் வருஷா வருஷம் அடிக்கணும். வெள்ளையில் தூசி படிந்தால் பலன் குறையும், கோடைக்கு முன்னால் கழுவிவிடுங்கள். காசு இருந்தால் வாட்டர்புரூஃபிங் செய்து, எக்ஸ்பிஎஸ் ஷீட் (சூட்டைத் தடுக்கும் ஃபோம் பலகை) விரித்து, அதன்மேல் கான்கிரீட், வெள்ளை ஓடு. இதுதான் நிரந்தர வேலை.

தென்றல்:
ஜன்னலையும் விடாதீர்கள். கண்ணாடி தாண்டி வந்த வெயில் திரைச்சீலையைச் சுடவைக்கும், அந்தச் சூடு அறைக்குள்ளேயே தங்கும். மேற்கு வெயில் தாழ்வாக வருவதால் சன்ஷேடும் மறைக்காது. வெளிப்பக்கம் மூங்கில் தட்டி கட்டி, மதியம் 1 மணிக்கே இறக்கிவிடுங்கள். ராத்திரி வெளிக்காற்று குளிர்ந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கும் ஒன்று: வீடுகளுக்கென மத்திய அரசு 2018-இல் கொண்டுவந்த எரிசக்திச் சிக்கன விதியான எக்கோ நிவாஸ் சம்ஹிதாவில், கூரை வழியே சூடு கடக்கும் அளவு, அதாவது யு-வேல்யூ, 1.2-க்கு மேல் போகக் கூடாது. வெறும் ஆர்சிசி தளம் அந்த வரம்பை வெகுவாகத் தாண்டிவிடும். பிளான் போடும்போதே இன்ஜினியரிடம் கேளுங்கள்.

மாடிவாசி:
சரி, தட்டி நாளைக்கே வாங்கிவிடுகிறேன். பெயிண்டும் இந்த வாரமே அடிக்கலாமா அண்ணே?

கரணை:
ஓதம் காயட்டும். ஈரத்தின்மேல் அடித்தால் செதில் செதிலாக உரிந்து வந்துவிடும்.