குவெவ்ரி ஒயின் பார்க்க ஜார்ஜியா: அக்டோபர் மூன்றாம் வாரம் சரிப்படுமா?

மலைப்பாதை (கேள்வி):
அக்டோபர் மூன்றாம் வாரம் நான்கு நாள் ஜார்ஜியா, திபிலிசியில் தங்கல். மேசையில் கோப்பைகளை அடுக்கி ருசி காட்டும் இடங்கள் வேண்டாம். மண்ணில் புதைத்த குவெவ்ரித் தாழியில் ஒயின் உருவாவதைப் பக்கத்தில் நின்று பார்க்கணும். அந்த நேரத்தில் கிழக்கே ஒயின் விளையும் ககேத்திப் பகுதியில் திராட்சை அறுவடை இருக்குமா? உண்மையில் வேலை நடக்கும் மராணியை (தாழிகள் புதைந்த ஒயின் கூடம்) எப்படிக் கண்டுபிடிப்பது?

கொடிக்கால்:
ககேத்தியில் அறுவடை (அங்கே ர்த்வெலி என்பார்கள்) செப்டம்பரில் தொடங்கி அக்டோபர் நடுவில் ஏறக்குறைய முடிந்துவிடும். பழம் பறிப்பதை நம்பிப் போனால் ஏமாற்றம்தான். ஆனால் தாமதமாகப் பறித்த பழம் தாழியில் பொங்கிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. என்னைக் கேட்டால் பறிப்பதைவிட இதுதான் பார்க்க வேண்டியது.

பழத்தை ஸத்ஸ்னாகெலி என்ற குடைந்த மரத்தொட்டியில் காலால் மிதித்து, சாறு, தோல், விதை, காம்பு எல்லாவற்றையும் தாழிக்குள் விடுவார்கள். விளிம்புவரை நிரப்ப மாட்டார்கள், பொங்க இடம் வேண்டும். நொதிக்கும்போது எழும் வாயு தோலை மேலே தள்ளித் தடித்த மூடாக்காக்கும். அதை நீளக் கழியால் ஒரு நாளில் மூன்று நான்கு தடவை உள்ளே அமுக்க வேண்டும். விட்டுவிட்டால் மேல்பரப்பு காய்ந்து, காடி பாக்டீரியா பிடித்து, தாழி முழுதும் புளித்த காடியாகிவிடும். அமுக்கும் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். ஒன்று எச்சரிக்கை: பொங்கும் தாழிக்குள் தலையை விட்டு முகராதீர்கள். கரியமில வாயு வாய்வரை தேங்கி நிற்கும், மயக்கம் போடும்.

நொதித்து அடங்கியதும் தோல் கீழே இறங்கும். அடிப்பகுதி கூம்பாக இருப்பதால் விதைகள் முதலில் நுனியில் போய்ச் சேரும், தோல் அதை மூடிக்கொள்ளும். அதனால்தான் மாதக்கணக்கில் கிடந்தும் விதையின் கசப்பு அளவோடு நிற்கிறது. பிறகு தாழியை நிரப்பி, மூடி போட்டுக் களிமண்ணால் அடைப்பார்கள். திறப்பது வசந்த காலத்தில்.

தாழிவாய்:
வேலை செய்யும் மராணியை மூக்கே சொல்லிவிடும். காலித் தாழியில் காடி நெடியோ பூஞ்சை நெடியோ அடிக்கக் கூடாது. கழுவுவதுதான் இந்தத் தொழிலின் பாதிப் பாடு: செர்ரி மரப்பட்டையை அடுக்கிக் கட்டிய தேய்ப்பானால் தேய்த்து, சுண்ணாம்பு நீரோ சாம்பல் நீரோ விட்டு அலசி, கந்தகம் புகைப்பார்கள். அந்தத் தேய்ப்பானையும், நீளக் காம்பில் சுரைக்குடுவை மாட்டிய ஒர்ஷிமோ அகப்பையையும் காட்டச் சொல்லுங்கள். ஈரமும் கறையுமாக இருந்தால் புழங்குகிறது. சுவரில் தூசியோடு தொங்கினால் அலங்காரம்.

உள்ளே மெருகுப்பூச்சு இருக்காது, சூட்டோடு தடவிய தேன்மெழுகுதான். அது மண்ணின் நுண்துளைகளை அடைக்கும், ஆனால் முழுக்க மூடிவிடாது.

தாழி செய்வதையும் பார்க்கலாம்: ககேத்தியின் தெலாவி நகருக்கு அருகே வர்திசுபானி கிராமம். ஓர் அடுக்கு ஏற்றி, அது இறுகிய பிறகே அடுத்தது. குவெவ்ரியில் ஒயின் செய்யும் முறையை யுனெஸ்கோ 2013-இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

மலைப்பாதை:
நன்றி. மேற்கே இமெரெத்திப் பகுதியிலும் இதே முறைதானே?

கொடிக்கால்:
இல்லை. அங்கே தாழிக்குப் பெயர் ச்சூரி. காம்பு சேர்ப்பதில்லை, தோலும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். ஆகவே ஒயின் வெளிறி, லேசாக இருக்கும். ககேத்தியில் ர்க்கசித்தெலி என்ற வெள்ளைத் திராட்சையின் ஒயின் அம்பர் நிறம், தேயிலைத் துவர்ப்பு. முதல் வாயில் சிலருக்குப் பிடிக்காது, குறை என்று நினைத்துவிடாதீர்கள். மேற்கில் அறுவடை தாமதம், உங்கள் வாரத்தில் பறிப்பு நடக்கலாம். ஆனால் இமெரெத்தியின் தலைநகர் குத்தாயிசி திபிலிசியிலிருந்து 230 கி.மீ. தூரம், ஒரு இரவாவது அங்கே தங்கணும்.

தெலாவிக்கு கொம்போரி கணவாய் வழி தூரம் குறைவுதான், ஆனால் முழுக்க வளைவு. ஓட்டுபவர் ஒரு மிடறுகூடத் தொடக் கூடாது என்பதால் ஓட்டுநரோடு வண்டி எடுங்கள்.

விருந்துமேசை:
வீட்டு மராணியில் சாப்பிட உட்கார்ந்தால் அது பெரும்பாலும் சுப்ரா என்ற நீண்ட விருந்து ஆகிவிடும். தமதா (விருந்தை நடத்துபவர்) வாழ்த்து சொல்லி முடிக்கும்வரை கோப்பையில் வாய் வைக்காதீர்கள், இடையிடையே உறிஞ்சுவது அழகல்ல. பதிலுக்கு "கவுமர்ஜோஸ்". "அலவெர்தி" என்று உங்கள் பக்கம் கைகாட்டினால் வாழ்த்தைத் தொடர வேண்டியது நீங்கள், இரண்டு வரி போதும். கான்த்ஸி என்ற குடிக்கும் கொம்பைக் கையில் வாங்குமுன் யோசியுங்கள், காலியாகாமல் கீழே வைக்க முடியாது. சாச்சா வந்தால் அது ஒயின் இல்லை, பிழிந்த சக்கையில் காய்ச்சிய சரக்கு.

பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்துக் கொடுப்பதை அங்கேயே குடித்துவிடுங்கள். நொதிப்பு முடியாத ஒயின் பெட்டிக்குள் உப்பி வெடித்துத் துணியெல்லாம் கறையாகும். அதிலும் சபெராவி என்ற கருந்திராட்சை ஒயின் என்றால் கறை போகவே போகாது, அந்தப் பெயருக்கே சாயம் என்றுதான் அர்த்தம்.