பொருள்: ‘ரூப்ரிக்’குக்குத் தமிழில் என்ன? நாளை அச்சுக்குப் போகிறது

தங்கச்சிமடம்:
வணக்கம். வியாழக்கிழமை, பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில், பிள்ளைகள் எழுதுவதை வைத்து மதிப்பிடுவது பற்றி நான் பேச வேண்டும். ரூப்ரிக்கை, அதாவது எழுத்து எந்த வகையில் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கும் கட்டத்தை, ‘அளவுகோல்’ என்று போட்டால் எல்லாரும் ஸ்கேலைத்தான் நினைக்கிறார்கள். எட்டாம் வகுப்பில் மீன்பிடித் தடைக்காலம் பற்றி ஒரு பத்தி எழுதச் சொன்னேன். ஒரு பையன், ‘61 நாள் போட் கரையில் நிற்கும். அப்பா வலை சரிபார்ப்பார். அம்மா கடன் கேட்கப் போவாள்’ என்று மூன்றே வரி எழுதினான். இன்னொரு பிள்ளை நோட்ஸில் இருப்பதை அப்படியே ஒரு பக்கம் இறக்கிவிட்டது. பாடம் நடக்கும்போதே செய்கிற வளரறி மதிப்பீட்டில் இருவருக்கும் எப்படி மதிப்பெண் போடுவது? கருத்து, கோர்வை, சொல், பிழையின்மை என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் எது எந்த நிலை என்று எழுதிய கட்டம் முன்கூட்டியே பிள்ளைகள் கையில் இருந்தால், எங்கே குறை என்று தெரிந்து திருப்பி எழுதுவார்கள். அந்தக் கட்டத்துக்குத்தான் பெயர் வேண்டும்.

மண்டபம்:
‘கட்டளை’ என்று வையுங்கள் டீச்சர். ஆணை மட்டுமல்ல அதன் பொருள். ‘தத்தம் கருமமே கட்டளைக் கல்’ என்கிறது குறள் 505, பொன்னை உரைத்துப் பார்க்கும் கல். கட்டளைக் கலித்துறை என்ற பாடல் வகையிலும் ஒற்று நீக்கி எண்ணினால் நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசைக்கு 17. அளவு பிசகாது. ரூப்ரிக் என்பதே லத்தீனில் செங்காவியைக் குறித்த சொல். ஏடுகளில் தலைப்பைச் சிவப்பு மையில் எழுதியதால் வந்தது. நம்மிடம் ‘செம்மை’ என்றால் சிவப்பும்தான், திருத்தமும்தான். ஆகவே ‘செம்மைக்கட்டளை’ இன்னும் பொருந்தும்.

தங்கச்சிமடம்:
ஐயா, எங்கள் பிள்ளைகளில் பலர் ஞாயிறு மறைக்கல்விக்குப் போகிறவர்கள். கட்டளை என்றதும் பத்துக் கட்டளைதான் நினைவுக்கு வரும். மீறினால் பாவம் என்ற பயத்தோடு பேனாவை எடுக்கக் கூடாது.

தொண்டி:
ரூப்ரிக் என்றே விடலாம், பென்சில் என்று சொல்லவில்லையா? தமிழ்தான் வேண்டுமென்றால் ‘படிக்கட்டம்’. ஒவ்வொரு படியாக ஏறலாம் என்று பிள்ளைக்கே புரியும். ‘மதிப்பெண் கட்டம்’ மட்டும் வேண்டாம், அப்புறம் எண்ணைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டார்கள்.

கீழக்கரை:
பெயர் எதுவானாலும் சரி, கட்டத்துக்குள் என்ன எழுதப் போகிறோம்? நன்னூலின் பத்துக் குற்றமும் பத்து அழகும் எழுத்தைச் சீர்தூக்கத்தானே இருக்கின்றன? ‘கூறியது கூறல்’ என்பதை ‘சொன்னதையே திரும்பச் சொல்லியிருக்கிறேனா?’ என்றும், ‘மற்றொன்று விரித்தலை’ ‘தலைப்பை விட்டு விலகினேனா?’ என்றும் பிள்ளை தன்னையே கேட்கிற மாதிரி மாற்றிப் போடுங்கள். அந்த மூன்று வரிப் பையனுக்குச் ‘சுருங்கச் சொல்லல்’ முழுதாகக் கிடைக்க வேண்டும். சொல்ல வேண்டியதை விட்டுவிட்டான், ‘குன்றக் கூறல்’ என்று அவனைக் குறைத்துவிடாதீர்கள்.

தங்கச்சிமடம்:
அதை அப்படியே சேர்த்துவிட்டேன், நன்றி. தொண்டி சார் சொன்னபடி ‘படிக்கட்டம்’ என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன். இனி நேரமில்லை.

மண்டபம்:
கொடுங்கள். ஆனால் ‘படி’யைப் பெயராகக் கொண்டால்தான் அங்கே க் மிகும், படிக்கிற கட்டம் என்று யாராவது விளக்கம் சொன்னால் அது வினைத்தொகை, மிகாது. கையேட்டில் ஒரு வரியாவது இதைச் சொல்லுங்கள். என் வகுப்பில் நான் கட்டளை என்றுதான் எழுதுவேன்.