கம்பைலா, கொலேட்டா? உ.வே.சா. செய்தது எது?

ஏட்டுப்பூச்சி: 'உ.வே.சா. புறநானூற்றை கம்பைல் செய்தார்'னு ஒரு ஆங்கிலக் கட்டுரை. அதை இங்க பெருமையா வேற பகிர்றீங்க. பாட்டைத் தேடித் திரட்டித் தொகையாக்கறதுதான் கம்பைல். அந்த வேலை அவருக்குப் பல நூற்றாண்டு முன்னாடியே முடிஞ்சாச்சு. அவர் செஞ்சது கொலேட். ஏட்டில புள்ளி இருக்காது, ரகரமும் காலும் ஒண்ணுபோல இருக்கும். அப்படிப்பட்ட பல சுவடிகளை வரிக்கு வரி ஒத்துப் பார்த்து, சுவடிக்குச் சுவடி சொல் மாறுற பாடபேதம் குறிச்சு, 1894ல அச்சேத்தினார்.

ஜெராக்ஸ் மாமா: கொலேட்னா வரிசையா அடுக்கறது. என் கடை மெஷின்லயே அந்தப் பேர்ல பட்டன் இருக்கு சார். அமுக்கினா 1, 2, 3னு செட் செட்டா வரும்.

ஏட்டுப்பூச்சி: சுவடி ஆராய்ச்சி ஜெராக்ஸ் கடை வரைக்கும் வந்தாச்சு. விளங்கிடும்.

ஜெராக்ஸ் மாமா: அகநானூறு தெரியும்ல? ஒற்றைப்படை எண் பாட்டு எல்லாம் பாலைத் திணை. 2, 8ல முடிஞ்சா குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், 10 நெய்தல். உருத்திரசன்மர் பண்ணது அடுக்கல் இல்லையா? அப்போ அவரும் கொலேட்தான்.

ஏட்டுப்பூச்சி: அவர் தொகுத்தவர். தொகுக்கும்போதே அடுக்கினார். கம்பைல்!

ஜெராக்ஸ் மாமா: 4 முல்லை, 6 மருதம். அடுக்கல்.

கயல்: அகராதியில கொலேட்டுக்கு ஒத்துப் பார்க்கறது, வரிசைப்படுத்தறது ரெண்டுமே இருக்கே?

ஏட்டுப்பூச்சி: உருத்திரசன்மர் கம்பைல்தான். எழுதி வச்சுக்குங்க.

வடமராட்சியான்: உ.வே.சா. புராணம் போதும். எங்கட சி.வை. தாமோதரம்பிள்ளை 1887இலேயே கலித்தொகையை அச்சிட்டவர். உங்கட புறநானூற்றுக்கு ஏழு வருசம் முந்தி. ஒருத்தரும் வாய் திறக்கேல்லை.

ஏட்டுப்பூச்சி: அதே 1887ல உ.வே.சா. பதிப்பிச்ச சீவக சிந்தாமணி வந்துது. எங்களுக்கும் கணக்குத் தெரியும்.

வடமராட்சியான்: சிந்தாமணி சங்க இலக்கியமோ? அதை முதல்ல சொல்லுங்கோ.

ஏட்டுப்பூச்சி: சங்க இலக்கியம்னு நான் எங்க சொன்னேன்? போன தடவை நன்னூல் பேச்சிலயும் இப்படித்தான் இடையில புகுந்து குட்டையைக் குழப்பினீங்க.

வடமராட்சியான்: நன்னூலில பதில் சொல்லாமல் ஓடினது ஆர்?

ஜெராக்ஸ் மாமா: புறநானூத்துல 267, 268 ரெண்டு பாட்டையே காணோம். அவ்வளவு ஒத்துப் பார்த்தும் கிடைக்கலையா?

ஏட்டுப்பூச்சி: ஏட்டிலேயே இல்லாததை அவர் எங்கேருந்து எடுப்பார், உங்க மெஷின்லேருந்தா? வடமராட்சியாரே, ஓடினது நீங்க. அந்தப் பதிவை இப்பவே எடுத்துப் போடறேன், இருங்க.

ஜெராக்ஸ் மாமா: 10 நெய்தலுக்கு இன்னும் பதில் வரல.