முன்கோபமும் முன்மூளையும்: அந்த ஆறு குதிரை வண்டிக்கு என்ன பதில்?

வைகைக்கரையான்: "முன்கோபிகளுக்கு முன்மூளையில் பிரேக் கிடையாது, பீனியஸ் கேஜ் ஒருவரே போதும் சாட்சி" என்று உளியன் நேற்று எழுதியதைப் படித்து எரிச்சல்தான் வந்தது. 1848-இல் அமெரிக்காவின் வெர்மான்டில் ரயில் பாதைக்குப் பாறை உடைக்கும்போது 6 கிலோ இரும்புக் கம்பி கேஜின் இடது கன்னத்தில் புகுந்து உச்சந்தலை வழியே வெளியேறியது, சரி. அப்புறம் சிலி நாட்டில் ஏழு வருடம் போலப் பயணிகள் வண்டி ஓட்டினாரே? பிரேக் இல்லாதவன் கையில் யார் ஆறு குதிரையைக் கொடுப்பார்கள்?

உளியன்: வைத்தியம் பார்த்த ஹார்லோ எழுதியதைப் படியுங்கள். பொறுமை போய்விட்டது, வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை, விருப்பத்துக்குக் குறுக்கே பேசினால் தாங்காது. நல்ல ஃபோர்மேனாக இருந்தவரைக் கம்பெனி திரும்ப எடுக்கவில்லை. பயம், கோபம் கிளப்பும் மூளைப் பகுதியான அமிக்டலா பொங்கும்போது அடக்குவது கண்ணுக்கு மேலே இருக்கும் முன்மூளைப் பகுதி. அது போனால் கோபம்தான்.

வைகைக்கரையான்: யாரையும் அடித்ததாக ஹார்லோ எழுதவில்லை. ஆறு குதிரைக்குப் பதில் எங்கே?

நெய்தல்: முன்கோபம் என்று எதைச் சொல்கிறீர்கள், பிறவிக் குணத்தையா, அடிபட்டு வந்ததையா? என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்த பிறகு காபி ஆறியிருந்தாலே டம்ளர் பறக்கும். கொஞ்ச நேரத்தில் அவரே அழுவார். முன்பு அதிர்ந்து பேசாதவர்.

வைகைக்கரையான்: அக்கா, அவர் உடம்பு தேறட்டும். நான் கேட்டது குதிரை வண்டி. அத்தனை கடிவாளமும் விரலிடுக்கில் இருக்க வேண்டும், பயணிகளிடமும் தணிந்து பேச வேண்டும். அந்த ஒழுங்கான வேலையே கேஜைத் தேற்றியிருக்கும் என்று கேஜைப் பற்றி ஆராய்ந்த உளவியலாளர் மால்கம் மக்மில்லன் எழுதியிருக்கிறார்.

உளியன்: எங்கள் ஊர் பஸ் டிரைவரும் வண்டியை அருமையாகத்தான் ஓட்டுவார். முந்திப் போனவன் சிக்னலில் மாட்டினால் இறங்கிப்போய்ச் சட்டையைப் பிடிப்பார். தூக்கம் பற்றிய இழையிலும் நீங்கள் இப்படித்தான் ஒன்றையே பிடித்துத் தொங்கினீர்கள்.

வைகைக்கரையான்: அதில் பாதியில் ஓடியது யார்?

செங்காந்தள்: உளியன் சார், நீங்கள் பல் டாக்டர்தானே?

உளியன்: பல் டாக்டர் மண்டையோட்டைப் படிக்காமலா பட்டம் வாங்குகிறான்? உங்கள் படிப்பையும் சொல்லுங்கள், தெரிந்துகொள்கிறோம்.

செங்காந்தள்: கேட்டதற்கே இவ்வளவு சூடா?

உளியன்: கேட்ட விதம் அப்படி. வைகையாருக்கு: அமெரிக்கா திரும்பிய கேஜ் எந்த வேலையும் பிடிக்காமல் இடம் மாறிக்கொண்டே இருந்தார். அதையும் ஹார்லோதான் எழுதினார்.

வைகைக்கரையான்: அது 1860-இல், வலிப்பு வந்த பிறகு. அந்த வருடமே இறந்துவிட்டார். அதற்கு முந்தைய ஏழு வருடம்?