தாராசுரம் சிற்பப் படங்களைத் தரம் குறையாமல் பகிர வழி சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். மயிலாப்பூர்ல இருந்து எழுதறேன். பொங்கல் லீவுல குடும்பமா தஞ்சாவூர், தாராசுரம், தரங்கம்பாடி போய் வந்தோம். எடுத்த படங்களைச் சொந்தக்காரங்க எல்லாரும் கேக்கறாங்க. முக்கியமா எங்க பெரியப்பா. முட்டிவலியால அவரால வர முடியல. கோயில் சிற்பம்னா அவருக்கு உயிர்.

தாராசுரத்துல கருவறைச் சுவரைச் சுத்தி, கீழ் வரிசையில நாயன்மார் கதைகளைச் சின்னச் சின்னச் சிற்பமா செதுக்கியிருக்காங்க. முகபாவம்கூடத் தெரியும். அதை வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பினா, பெரிசு பண்ணிப் பாக்கும்போது வெறும் கல்லாத்தான் தெரியுது. டாக்குமெண்டா அனுப்பினா தரம் குறையாது. ஆனா பெரியப்பா ஒவ்வொண்ணா தொட்டுத் திறக்கணும், பாவம். கூகுள் போட்டோஸ்ல இலவசமா கிடைக்கிற 15 ஜிபி, மெயிலுக்கும் சேர்த்துதான். எனக்கு ஏற்கெனவே நிரம்பப் போகுது. வயசானவங்க சிரமமில்லாம, முடிஞ்சா டிவியிலயே பாக்கற மாதிரி யாராவது செஞ்சிருக்கீங்களா?

இன்னொண்ணு. 1010-ல முடிஞ்ச பெரிய கோயில் விமானத்தைக் கீழேருந்து எடுத்ததுல, அது பின்னாடி சாயற மாதிரி இருக்கு. நிமிர்த்தினா கலசம் வெட்டுப்படுது. கலசம் போகாம நிமிர்த்த நல்ல செயலி எது?

தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை, கடல் படங்கள் பிரிண்ட் போடணும். மயிலாப்பூர், தி.நகர் பக்கம் மேட் பேப்பர்ல நிறம் மாறாம போட்டுத் தர்ற கடை தெரிஞ்சா சொல்லுங்க. இந்த மாசக் கடைசியில பெரியப்பா பிறந்தநாள், அதுக்குள்ள ஆல்பம் கையில வேணும்.