இத்தாலிய வினைச்சொல்லில எங்க அழுத்துறது? நாளைக்கு வேலைக்குப் பேசப் போறன்

புதுவரவு: பலெர்மோவுக்கு வந்து ரெண்டு மாசம். நாளைக்கு ஒரு சமையலறை வேலைக்கு வரச் சொல்லியிருக்கினம். ஒரு வினைச்சொல்லை நான் சொன்னா ஆருக்கும் விளங்குதில்ல. அழுத்தம் பிழையாம். விதி இருக்கோ?

ரோமாக்காரன்: முதல்ல இணைப்பு ஒப்பந்தத்தைப் பாருங்கோ, குடியேறுற ஆக்கள் இத்தாலி அரசோட செய்யிறது. கையெழுத்து வச்சிருந்தா ரெண்டு வருசத்துக்குள்ள ஏ2 எண்ட அடிப்படை அளவு இத்தாலியப் பேச்சும் 30 புள்ளியும் வேணும். வளந்த ஆக்களுக்கான அரச பள்ளி சி.பி.ஐ.ஏ.யில பதிஞ்சாச்சோ?

மிலான் தம்பி: விதி ஒண்டுதான். கடைசிக்கு முதல் அசையில அழுத்துங்கோ: பர்-லா-ரெ, ஃபி-னீ-ரெ, அ-வே-ரெ. நெடில் போட்ட இடம் அழுத்தம்.

தூரின் அக்கா: இல்லைத் தம்பி. 'ஆரெ', 'ஈரெ' முடிவுக்கு அது சரி. 'எரெ' ரெண்டு சாதி. ச-பே-ரெ, வொ-லே-ரெ ஒரு பக்கம். ஸ்க்ரீ-வெ-ரெ, மேத்-தெ-ரெ, லேஜ்-ஜெ-ரெ மற்றப் பக்கம். எழுத்தைப் பாத்துப் பிரிக்க ஏலாது, பாடமாக்கத்தான் வேணும்.

மிலான் தம்பி: அப்ப புத்தகத்தில அழுத்தக் குறி போட்டா என்ன? கடைசி அசைக்கு மட்டும்தான் போடுறாங்கள். புதுசா வாறவன் எப்படிப் படிக்கிறது!

ரோமாக்காரன்: உண்மைதான். செயலியளும் ஒருக்காச் சொல்லிப்போட்டு ஓடிவிடும்.

தூரின் அக்கா: அகராதியில எல்லாச் சொல்லுக்கும் குறி இருக்கு, அதைத் திறவுங்கோ. புதுவரவு, எந்தச் சொல் எண்டு சொல்லவே இல்லையே? நிகழ்காலத்தில 'நாங்கள்', 'நீங்கள்' வடிவத்தில மட்டும் அழுத்தம் விகுதிக்குப் போகும்: பர்-லியா-மொ, பர்-லா-தெ. மற்றதெல்லாம் பெரும்பாலும் அடியில. 'அவர்கள்' வடிவத்திலதான் எங்கட ஆக்கள் கூடப் பிழைவிடுறது: பார்-லொ 'பேசுறன்', பார்-ல-னொ 'பேசுகினம்'. அசை கூடினாலும் அழுத்தம் அசையாது. தெ-லே-ஃபொ-ன-னொ எண்டதில கடைசியிலிருந்து நாலாவது அசை! பிழைச்சா பொருளே மாறும்: கா-பி-த-னொ 'நேருகின்றன', க-பி-தா-னொ 'தலைவன்', க-பி-த-னோ 'தலைமை தாங்கினான்'. கட்டளையோட ஒட்டுச்சொல் சேர்ந்தாலும் அழுத்தம் அசையாது: போர்-த-மெ-லொ, 'அதை எனக்குக் கொண்டு வா'. சமையலறையில நாள் முழுக்கக் கேப்பீங்கள்.

அசை பிரிக்கிறது லேசு. இரட்டை மெய் பட்-டம் போல நடுவில உடையும். ஆனா 'ஸ்' அடுத்த மெய்யோட போகும்: ஃபி-னீ-ஸ்கொ. ஃபினீஸ்-கொ எண்டு எழுதினா பிழை.

புதுவரவு: மன்னியுங்கோ அக்கா. நான் சொன்னது ப்ரெந்-தே-ரெ, 'எடுக்க' எண்ட சொல்.

தூரின் அக்கா: அதுதான் சிக்கல். ப்ரேந்-தெ-ரெ. நெடில் அடையாளத்துக்கு மட்டும். இழுக்காமல் 'ந்'தில நிண்டு அழுத்துங்கோ. நான் ப்ரேந்-தொ, நாங்கள் ப்ரெந்-தியா-மொ, நீங்கள் ப்ரெந்-தே-தெ, அவர்கள் ப்ரேந்-தொ-னொ. இண்டைக்கு ராத்திரி இந்த நாலையும் கை தட்டிச் சொல்லிப் பாருங்கோ.